பழைய கார் இன்ஜினைக் கம்மிச் செலவுல ரீபில்ட் பண்ணணுமா? முதல்ல அளங்க, அப்புறம் வாங்குங்க

பழைய கார் ஒண்ணு வச்சிருக்கீங்க, ஸ்டார்ட் ஆகுது, ஆனா நீலமா புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, மேட்டுல ஏறும்போது இழுக்கவே மாட்டேங்குது. யார்கிட்ட காட்டினாலும் "இன்ஜின் வேலை பாக்கணும்"னு சொல்லிடுவாங்க. அதுக்குள்ள என்னென்ன வேலை இருக்கு, எதுக்கு எவ்வளவு காசு போகும், எதை நாமளே பாத்துக்கலாம்னு தெரியாததாலதான் நிறைய பேர் நல்லா இருந்த போரை (சிலிண்டரோட உள் துளையை) தேவையில்லாம போர் பண்ணிட்டு, அதாவது அறுத்துப் பெரிசாக்கிட்டு, நெஜமாவே தேஞ்சுபோன ஒரு சாமானை அப்படியே திரும்ப மாட்டிடறாங்க. அப்புறம் ஆறு மாசத்துல மறுபடியும் இன்ஜினை எறக்கவேண்டியதா போயிடுது.

மலிவு பார்ட்ஸ் வாங்கினா செலவு குறையும்னு நினைக்கிறோம். எனக்குத் தெரிஞ்சு காசு மிச்சமாகறது அளக்கறதுலதான். எது எவ்வளவு தேஞ்சிருக்குன்னு நம்பரா கையில இருந்தா, மாத்தவேண்டியதை மட்டும் மாத்தலாம். அந்த நம்பர் எல்லாம் என்ன, எப்படி எடுக்கறதுன்னு இதுக்கு முன்னாடி ஸ்பேனரே பிடிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பாக்கறேன்.

இன்ஜின் ரீபில்ட்னா அடிப்படையில இடைவெளிகளைத் திரும்ப சரியான அளவுக்குக் கொண்டு வர்றது, அவ்வளவுதான். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல ஒரு இடைவெளி, பிஸ்டன் சுத்த வைக்கற கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கற பேரிங்குக்கும் நடுவுல ஒண்ணு, வால்வு தண்டுக்கும் அது ஏறி இறங்கற கைடுக்கும் நடுவுல ஒண்ணு. இதைத்தான் கிளியரன்ஸ்னு சொல்றோம். புது இன்ஜின்ல இது ரொம்ப ரொம்ப சின்னது. 50 மி.மீ. தடிமன் உள்ள கிராங்க் ஜர்னலுக்கு (பேரிங்குக்குள்ள சுத்தற பகுதிக்கு) 0.05 மி.மீ. கிளியரன்ஸ்ங்கறது பழைய இன்ஜின்களுக்குப் பொதுவா சொல்ற கணக்கு, அதாவது ஒரு இன்ச் தடிமனுக்கு ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

அந்த முடியளவு இடத்துல ஆயில் உக்காந்திருக்கு. கிராங்க் சுத்தறப்போ ஆயிலை ஆப்பு மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும், அந்த அழுத்தத்துல கிராங்க் பேரிங்கைத் தொடாம ஆயில் மேலேயே மிதக்கும். நிறைய பேர் ஆயில் பம்புதான் கிராங்கைத் தூக்கி நிறுத்துதுன்னு நினைக்கிறாங்க, பம்பு செய்யறது ஆயிலைக் கொண்டுவந்து குடுக்கற வேலை மட்டும்தான். இப்போ பேரிங் தேஞ்சு கிளியரன்ஸ் ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு வைங்க, ஓரத்துல வழிஞ்சு வெளியேறற ஆயில் ரெண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும், ஏன்னா குறுகலான இடைவெளியில ஓட்டம் அந்த இடைவெளியோட மும்மடிக்கு ஏத்த மாதிரி ஏறும். அதனாலதான் நல்லா ஓடிட்டிருந்த இன்ஜின்ல சூடானதும் ஆயில் பிரஷர் திடீர்னு விழுந்த மாதிரி தெரியும். இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி செய்யற டெஸ்டுக்கு அதிகமா செலவு கிடையாது. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தத்தை அளக்கற மீட்டர்) ஒண்ணு கடன் வாங்கியாவது எடுத்துக்கோங்க. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழட்டி, இக்னிஷன் கனெக்‌ஷனை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டரா கிராங்க் பண்ணி (ஸ்டார்ட்டரால சுத்த விட்டு) நம்பரை எழுதுங்க. மொத்த நம்பர் எவ்வளவுங்கறதை விட நாலுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்வளவுங்கறதுதான் முக்கியம், பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் கம்மியா இருந்தா அந்த சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. நம்பர் நல்லா ஏறினா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கோ போரோ தேஞ்சிருக்கு, ஏன்னா ஆயில் போய் ரிங் இடுக்கை அடைச்சிருக்கு. ஏறவே இல்லன்னா வால்வுப் பக்கம் பாருங்க. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து கம்மியா இருந்தா, அதுக்கு நடுவுல ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் இருக்கற பிளாக்குக்கும் அதை மேல மூடற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்பு) போயிருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு.

புகையும் சொல்லும். நீலம்னா ஆயில் எரியுது, கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது, அது பெரும்பாலும் கார்புரேட்டர் விஷயம், இன்ஜினைத் தொடவே வேண்டாம். இன்ஜின் நல்லா சூடான பிறகும் வெள்ளையா அடர்த்தியா வந்துட்டே இருந்தா கூலன்ட் உள்ள போகுது. இன்னொண்ணு, கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு தடவை நீலப் புகை வந்து நின்னுடுச்சுன்னா வால்வு கைடு, வால்வு சீல் தேஞ்சிருக்கலாம், அதுக்கு ஹெட்டை மட்டும் எறக்கினா போதும். இப்படி அரை நாள் டெஸ்ட்லயே ஹெட் வேலை மட்டுமா, ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினான்னு ஓரளவு தெரிஞ்சுடும். ஹாஃப் இன்ஜின்னா கிராங்கை எறக்காம மேல்பாதியை, அதாவது ஹெட், பிஸ்டன், ரிங் வரைக்கும் பாக்கறது. ஃபுல் இன்ஜின்னா கிராங்கும் வெளியே வரும்.

சரி, பிரிக்கறோம். இங்க பொறுமைதான் வேணும். ஒவ்வொரு ஸ்டெப்புலயும் போன்ல போட்டோ எடுங்க, போல்டுகளைத் தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைங்க. மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராட் கேப் எல்லாம் அந்தந்த இடத்துல மாட்டி, மாட்டின நிலையிலயே துளை போட்டு அறுத்தது, அதனால ஒண்ணை எடுத்து இன்னொண்ணுக்குப் போடக்கூடாது, பக்கம் மாத்தியும் மாட்டக்கூடாது. நம்பர் இல்லன்னா பிரிக்கறதுக்கு முன்னாடியே பஞ்ச் வச்சு ஒண்ணுக்கு ஒரு புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு புள்ளின்னு குறிச்சிருங்க. வால்வைத் தள்ளிவிடற டேப்பெட் உருளைகளும் அப்படித்தான், எது கேம்ஷாஃப்டோட எந்த கேம் (மேடு) மேல ஓடிச்சோ அதுமேலயே திரும்ப ஓடணும், ரெண்டும் சேந்து தேஞ்சு பழகினது. நான் முதல்ல பிரிச்ச இன்ஜின்ல டேப்பெட் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு மண்ணெண்ணெயில கழுவி வச்சுட்டேன். எது எதோடதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல, தேய்மானம் பெரிசா இல்லாத ஒரு செட்டைப் பூரா மாத்தவேண்டி வந்தது.

பிஸ்டனை மேல் வழியா எடுக்கறதுக்கு முன்னாடி சிலிண்டரோட மேல் ஓரத்தை விரல் நகத்தால தடவிப் பாருங்க. ஓடின இன்ஜின்ல ஒரு சின்ன படி மாதிரி தட்டும், அதுக்கு ரிட்ஜ்னு பேரு. ஏன் வருதுன்னா, பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துலதான் வெடிப்போட அழுத்தம் ரிங்கைச் சுவர்ல தள்ளுது, சூடும் அங்கதான் அதிகம், பிஸ்டன் ஒரு கணம் நின்னு திரும்பறதால ஆயில் படலமும் அங்க அறுந்துடும். அதனால சிலிண்டர் மேல அதிகமாவும் கீழ கம்மியாவும் தேயும், இந்த வித்தியாசத்துக்குப் பேருதான் டேப்பர். ரிங் எட்டாத மேல் ஓரம் மட்டும் தேயாம நின்னு படியாயிடும். ரிட்ஜ் பெரிசா இருந்தா பிஸ்டனை அப்படியே தட்டி எடுக்காதீங்க, ரிங் இருக்கற இடமே உடைஞ்சிடும். படியை எடுக்காம புது ரிங் போடறதும் தப்பு, புது ரிங்கோட முனை கூரா இருக்கறதால படியில இடிச்சு உடையும்.

இப்போ போரை அளக்கணும். பட்டறையில போர் கேஜ் வச்சு மூணு உயரத்துல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு திசையில அளப்பாங்க, ரெண்டு திசையிலயும் வேற வேற நம்பர் வந்தா சிலிண்டர் நீள்வட்டமா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். போர் கேஜ் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது. ஒரு ரிங்கும் ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிசான தகடுகள்) போதும். ரிங்கைக் கையால அமுக்கி சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டனோட தலையைத் தலைகீழா வச்சு கீழ வரைக்கும் தள்ளுங்க, அப்பத்தான் ரிங் சாயாம நேரா உக்காரும். கீழ, தேயாத இடத்துல, ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு ஃபீலரால அளங்க. 0.30 மி.மீ. வந்துச்சுன்னு வைங்க. அதே ரிங்கை மேல, ரிட்ஜுக்குக் கொஞ்சம் கீழ கொண்டுவந்து திரும்ப அளங்க. இப்போ 0.61 வருது. வித்தியாசம் 0.31. சுற்றளவு விட்டத்தோட 3.14 மடங்குங்கறது பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதானே, அதனால 0.31-ஐ 3.14-ஆல வகுத்தா ஏறக்குறைய 0.1 மி.மீ., அந்த சிலிண்டர் மேல அவ்வளவு விரிஞ்சிருக்கு. நாலு சிலிண்டரையும் இப்படி அளந்து நோட்டுல எழுதிட்டீங்கன்னா இனி யாரும் உங்களை வெறும் பேச்சால போர் பண்ண வைக்க முடியாது. நீள்வட்டத் தேய்மானம் மட்டும் இந்த முறையில தெரியாது, அதுக்கு கேஜ் வேணும்.

உங்க இன்ஜின் மேனுவல்ல லிமிட் போட்டிருப்பாங்க, அதுதான் கடைசி வார்த்தை. பழைய இன்ஜின்கள்ல 0.1 மி.மீ. வரைக்கும் டேப்பர் இருந்தா ஹோன் மட்டும் பண்ணி (சுவரைக் கல்லால லேசா உரசி) புது ரிங் போட்டு ஓட்டறவங்க நிறைய, புது இன்ஜின் மாதிரி இருக்காது, ஆனா எப்பவாவது வெளியே எடுக்கற காருக்கு அது நல்லாவே உழைக்கும். அதுக்கு மேல போனா ரீபோர்தான், 0.5 மி.மீ. இல்ல 1 மி.மீ. ஓவர்சைஸ், அதாவது அவ்வளவு பெரிய பிஸ்டன். ஏற்கனவே கடைசி ஓவர்சைஸ் வரைக்கும் போயிருந்தா ஸ்லீவ் (துளைக்குள்ள ஒரு புதுக் குழாய்) அடிக்கணும்.

இங்க வரிசை ரொம்ப முக்கியம், காசு வீணாகறது பெரும்பாலும் வரிசை மாறினதாலதான். முதல்ல பிளாக், ஹெட், கிராங்க் மூணுலயும் விரிசல் இருக்கான்னு பாத்துடணும், போர் பண்ணின பிறகு விரிசல் தெரிஞ்சா அந்தக் கூலி பூரா போச்சு. அடுத்தது பிஸ்டனை வாங்கிட்டுத்தான் போர் பண்ணக் குடுக்கணும், பட்டறைக்காரர் கையில இருக்கற பிஸ்டனை அளந்து அதுக்கு ஏத்தபடி போர் பண்ணணும். பேரிங்குக்கு நேர்மாறு, கிராங்க் கிரைண்டிங் முடிஞ்சு எந்த அண்டர்சைஸ்னு (ஜர்னல் எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு) தெரிஞ்ச பிறகுதான் வாங்கணும். ஆர்வத்துல எல்லாத்தையும் முன்னாடியே ஆர்டர் பண்ணிட்டு, கிராங்க் 0.25 மி.மீ. போதும்னு நினைச்சது 0.5 மி.மீ. வரைக்கும் போனதால பேரிங் செட் பூரா வீணாப்போனதைக் கண்ணால பாத்திருக்கேன்.

கிராங்க் ஜர்னல்ல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. கோடு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் நகத்துல மாட்டலன்னா பெரும்பாலும் பாலிஷ் போதும், நகம் மாட்டினா கிரைண்டிங். கூடவே மைக்ரோமீட்டர் வச்சு ரெண்டு திசையிலயும் அளக்கணும், வட்டமா இருக்கான்னு தெரியணும். பேரிங் கிளியரன்ஸுக்கு பிளாஸ்டிகேஜ்னு ஒரு சாமான் இருக்கு, மெழுகு நூல் மாதிரி இருக்கும். ஆயிலைத் துடைச்சுட்டு ஜர்னல் மேல ஒரு துண்டு வச்சு, கேப்பைப் போட்டு சரியான டார்க்ல (முறுக்கு விசையில) டைட் பண்ணி, கிராங்கைக் கொஞ்சமும் சுத்தாம, திரும்பக் கழட்டுங்க. நூல் நசுங்கி நாடா மாதிரி ஆகியிருக்கும், கவர்ல போட்டிருக்கற அளவோட அகலத்தை ஒப்பிட்டா கிளியரன்ஸ் தெரிஞ்சிடும். நாடா அகலமா இருந்தா கிளியரன்ஸ் கம்மி, ஒடுக்கமா இருந்தா அதிகம். ஒரு முனையில அகலமாவும் மறுமுனையில ஒடுக்கமாவும் இருந்தா ஜர்னல் கூம்பு மாதிரி தேஞ்சிருக்கு.

ஹெட்டைப் பொறுத்தவரைக்கும் நம்ம கையாலயே நிறைய செய்யலாம். நேர் பட்டை ஒண்ணை ஹெட் மேல குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வச்சு அடியில ஃபீலர் நுழையுதான்னு பாருங்க, மேனுவல் சொல்ற லிமிட்டைத் தாண்டினா ஸ்கிம் பண்ணணும், அதாவது முகத்தை லேசா அறுத்துச் சமமாக்கணும். வால்வு லேப்பிங் நாமளே பண்ணலாம், கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வச்ச குச்சியால அப்படியும் இப்படியும் உருட்டி, அப்பப்போ தூக்கி இடம் மாத்தி வைக்கணும். வால்வு முகத்துலயும் அது உக்காரற சீட்லயும் எங்கயும் அறுபடாம மங்கலான சாம்பல் வளையம் வந்தா வேலை முடிஞ்சுது. அப்புறம் பேஸ்ட்டைச் சுத்தமா கழுவிட்டு, வால்வை ஸ்பிரிங்கோட மாட்டி, பிளக்கையும் போட்டு, ஹெட்டைத் தலைகீழா வச்சு, குழியில மண்ணெண்ணெய் ஊத்தி வைங்க, போர்ட் வழியா கசிஞ்சா அந்த வால்வைத் திரும்ப லேப் பண்ணணும்.

பழைய இன்ஜின்ல மட்டும் வர்ற ஒரு விஷயம் வால்வு சீட். அந்தக் காலத்துப் பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்தாங்க, 1921-ல ஜெனரல் மோட்டார்ஸ்ல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சது, நாக்கிங்கை (பெட்ரோல் கண்டபடி வெடிச்சு இன்ஜின் தட்டறதை) தடுக்கறதுக்காக. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட் மேல ஒரு மெத்தை மாதிரி படிஞ்சு தேய்மானத்தையும் குறைச்சது. ஈயம் மனுஷங்களுக்கு, முக்கியமா குழந்தைங்களுக்கு விஷம், ஒவ்வொரு நாடா நிறுத்தி 2021-ல அல்ஜீரியாவும் நிறுத்தினதோட உலகத்துல எங்கயும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விக்கறது நின்னுச்சு, அது ரொம்ப நல்லது. ஆனா வார்ப்பிரும்பு ஹெட்லயே நேரா அறுத்த பழைய சீட்டுகள் ஈயம் இல்லாம, அதிக வேகத்துல நீண்ட நேரம் ஓட்டினா உள்ள இறங்கும், டேப்பெட் கிளியரன்ஸ் அடிக்கடி குறைஞ்சுட்டே வரும். ஹெட் பட்டறையில இருக்கறப்பவே எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் ஹார்டன் பண்ணின சீட் போட்டுடலாம். மெதுவா, கொஞ்சமா ஓட்டற காருன்னா அவசரமே இல்ல, டேப்பெட்டைக் கவனிச்சுட்டு வந்தா போதும்.

எந்த பாகத்துல மிச்சம் பிடிக்கலாம்னு கேப்பீங்க. பிரிக்கறது, கழுவறது, லேப்பிங், பெயின்ட், திரும்ப மாட்டறது, இது எல்லாத்துக்கும் நம்ம உழைப்பே போதும், கூலியில பெரிய பங்கு இங்கதான் மிச்சமாகும். ரிங், பேரிங், கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் செயின் இதுல மட்டும் விலை பாத்து வாங்காதீங்க. இன்னும் ஒண்ணு, எந்தக் கார்ங்கறதே பாதி பட்ஜெட்டை முடிவு பண்ணிடும். 1951-ல ஆஸ்டின் ஏ30-ல வந்து 2000 வரைக்கும் மினியில ஓடின ஏ சீரிஸ் இன்ஜின், 1955-ல வந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8, 2003 வரைக்கும் தயாரான ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட ஏர் கூல்டு இன்ஜின் இதெல்லாம் லட்சக்கணக்குல வந்ததால இன்னும் புது பார்ட்ஸ் தயாராகுது. அபூர்வமான இன்ஜின்னா ஒரு பிஸ்டன் செட் தேடவே மாசக்கணக்காகும்.

ஹோன் பண்ணின பிளாக்கைப் பெட்ரோல்லயோ டீசல்லயோ கழுவி முடிச்சிடாதீங்க. சுவர்ல குறுக்குக் கோடு போட்ட கல்லோட தூள் அந்தக் கோட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும், பெட்ரோல் அதை வெளியே எடுக்காது. சுடுதண்ணி, சோப்பு, பிரஷ், இதுதான் வழி. தேய்ச்சுக் கழுவிட்டு வெள்ளைத் துணியில கொஞ்சம் ஆயில் நனைச்சு சிலிண்டர் சுவரைத் துடைங்க, துணியில சாம்பல் நிறம் வரும். திரும்பக் கழுவுங்க. திரும்பத் துடைங்க. மூணாவது, நாலாவது தடவைக்கு மேலதான் துணி வெள்ளையாவே திரும்பி வரும், அது வரைக்கும் நிறுத்தாதீங்க, சாம்பலா வந்தது பூரா உங்க புது ரிங்கையும் புது பேரிங்கையும் அரைக்கப் போற தூள். உடனே ஆயில் தடவிடணும், இல்லன்னா கண்ணெதிரயே துரு பிடிக்கும். ஆயில் கேலரி (பிளாக்குக்குள்ள ஆயில் போற வழி) பிளக்குகளைக் கழட்டி உள்ள நீளமான பிரஷ் விடணும், கிரைண்டிங் போன கிராங்கோட ஆயில் துளைக்கும் அதே கவனிப்பு.

மாட்டறப்போ டார்க் ரென்ச் இல்லாம ஆரம்பிக்காதீங்க. பிளாக்கில இருக்கற மூடின போல்டு துளைகள்ல ஆயிலோ தண்ணியோ தேங்கியிருக்கான்னு பாத்து ஊதிடுங்க, தேங்கியிருந்தா போல்டை டைட் பண்ணும்போது அந்த திரவத்தோட அழுத்தத்துலயே பிளாக் விரிசல் விடலாம். மெயின் கேப்பை ஒவ்வொண்ணா டைட் பண்ணிட்டு, ஒவ்வொரு தடவையும் கிராங்கைக் கையால சுத்திப் பாருங்க. எந்தக் கேப்புக்கு அப்புறம் இறுகுதோ அங்கதான் தப்பு இருக்கு, எல்லாத்தையும் மாட்டிட்டு சுத்திப் பாத்தா எதுன்னு தேடவே ஒரு நாள் போயிடும். பிஸ்டனை எறக்கும்போது ராட் போல்டு மேல ரப்பர் டியூப் துண்டு சொருகிக்கோங்க, அப்பத்தான் போல்டு ஜர்னலைக் கீறாது. ரிங்ல டாப்னு போட்ட பக்கம் மேல வரணும், ரிங் முனைகள் ஒரே நேர்கோட்டுல வரக்கூடாது. ஹெட் போல்டை நடுவுல இருந்து வெளிப்பக்கமா, மூணு தவணையா டைட் பண்ணணும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு, விட்டு விட்டு கிராங்க் பண்ணி ஆயில் பிரஷர் கேஜ் அசையற வரைக்கும் பாருங்க. புது கேம்ஷாஃப்ட், புது தட்டை டேப்பெட் போட்டிருந்தா ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடாதீங்க, 2000 ஆர்.பி.எம். சுத்துவட்டாரத்துல ஏத்தி இறக்கி 20 நிமிஷம் ஓட்டணும், ஏன்னா மெதுவா சுத்தறப்போ கேமுக்குத் தெறிச்சு வர்ற ஆயில் பத்தாது. ஜிங்க் அதிகமா இருக்கற ஆயிலா பாத்து ஊத்துங்க, இப்போ வர்ற நிறைய ஆயில்கள்ல அது குறைஞ்சு போச்சு. அப்புறம் ரோட்டுல எடுத்து, கொஞ்சம் லோடு குடுத்து, விட்டு, திரும்பக் குடுத்து ஓட்டுங்க. ரிங் சுவரோட பதியறதுக்கு அந்த அழுத்தம் வேணும், பயந்து பயந்து மெதுவாவே ஓட்டினா சுவர் வழவழப்பாகி ஆயில் குடிக்கறது நிக்கவே நிக்காது.

முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிடுங்க, ஃபில்டரை அறுத்து மடிப்புக்குள்ள என்ன மின்னுதுன்னு வெளிச்சத்துல பாருங்க. மெல்லிசா கொஞ்சம் தூள் இருக்கும், அது பழகற தேய்மானம், துண்டா செதில் செதிலா இருந்தா உடனே நிறுத்திடணும். டேப்பெட்டை அளந்து செட் பண்ணுங்க, மேனுவல் சொல்லியிருந்தா ஹெட் போல்டையும் திரும்ப டைட் பண்ணுங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் அந்தக் கம்ப்ரஷன் கேஜைத் திரும்பக் கடன் வாங்கி, பழைய நோட்டுல முதல் நாள் எழுதின நாலு நம்பருக்குப் பக்கத்துலயே புது நாலு நம்பரையும் எழுதுங்க.